ஸ்பானிஷ் தெரியும் என்று சொல்லி வேலைக்குப் போனேன்

1. நேர்முகம்

“ஸ்பானிஷ் கதைப்பீரோ?” என்று சலவைக்கூடத்து மேலாளர் மோர்ட்டன் கேட்டார்.

நான் யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பித்தவள். பரீட்சை மண்டபத்தில் பக்கத்து மேசையைக்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

“கொஞ்சம்” என்றேன்.

கொஞ்சமும் தெரியாது என்பதே உண்மை. நோர்வேக்காரரின் மொழியான நோர்ஸ்க்கில் ‘கொஞ்சம்’ என்று சொல்லத்தான் எனக்குத் தெரிந்திருந்தது.

இது இரண்டாயிரத்து நாலாம் ஆண்டுக் கதை. ஒஸ்லோவில், ரொம்சோஸ் என்ற பகுதியில் இருந்தோம். மகளுக்குப் பதினாலு மாதம். ஏழு மாதமாக வேலை தேடிக்கொண்டிருந்தேன். போன இடமெல்லாம் “உங்களுடைய நோர்ஸ்க் எப்படி?” என்று கேட்டார்கள். படித்துக்கொண்டிருக்கிறேன் என்று நோர்ஸ்க்கிலேயே பதில் சொல்வேன். அந்தப் பதிலைக் கேட்டதும் அவர்களுக்கு எல்லாம் விளங்கிவிடும். சிரித்துக்கொண்டே கை கொடுத்து அனுப்புவார்கள்.

அந்த நேரம் பார்த்து மகளுக்குப் பார்னஹாகேயில், அதுதான் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில், இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் போட வேண்டும். இவர், என் கணவர், பஸ் ஓட்டுகிறவர், எதையும் நிதானமாகத்தான் சொல்வார்.

“நீர் வீட்டிலை இருக்கேக்கை பிள்ளையை ஏன் அங்கை விடோணும்? வெள்ளிக்குள்ளை வேலை ஒண்டும் சரிவரேல்லை எண்டால் இந்த வருசம் வேண்டாம் எண்டு எழுதுவம்.”

நியாயமான பேச்சுத்தான். ஆனால் இன்னொரு வருடம் வீட்டில் இருந்தால் படித்த நோர்ஸ்க்கும் போய்விடும், நானும் போய்விடுவேன் போலிருந்தது. பிள்ளையை அந்நியரிடம் விட்டுவிட்டுப் போகத் துடிக்கிறேனே என்ற குற்ற உணர்வும் கூடவே இருந்தது. இரவில் ஒன்று, காலையில் மற்றது என்று மாறி மாறி வரும்.

மேல்மாடி ரஞ்சி அக்காதான் அந்தச் சலவைக்கூடத்தைப் பற்றிச் சொன்னவர். ஹோட்டல்களின் கட்டில் விரிப்புகளையும் துவாய்களையும் கழுவிக் கொடுக்கும் இடம்.

“அங்கை நோர்ஸ்க் கேக்கமாட்டினம். வேலை செய்யிறது முழுக்க சிலி நாட்டுக்காரியள். ஸ்பானிஷ் தெரியுமோ எண்டுதான் கேப்பினம்.”

“எனக்கு ஸ்பானிஷ் தெரியாதே அக்கா.”

“கேக்கிறவனுக்கும் தெரியாது. பிறகென்ன?”

இந்தத் தர்க்கத்தில் ஏதோ ஓட்டை இருக்கிறது என்று ரெயில் பயணம் முழுவதும் தேடினேன். இறங்கும்வரை கிடைக்கவில்லை.

மோர்ட்டன் என்னை மூன்று நாள் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொன்னார். புதன், வியாழன், வெள்ளி.

2. பத்து நிமிடம்

என்னுடைய ஸ்பானிஷ் பத்து நிமிடம் தாக்குப்பிடித்தது.

பொறுப்பாளர் நோர்மாவுக்கு அறுபது வயதிருக்கும். குட்டையான உருவம், பெரிய குரல். அவர் நீளமாக ஏதோ சொன்னார். நான் “ஸீ” என்றேன். ஆம் என்பதற்கு ஸ்பானிஷ் அது. அந்த ஒரு சொல்லை ரஞ்சி அக்கா எங்கோ விசாரித்துச் சொல்லியிருந்தார். நோர்மா இன்னொன்று சொன்னார். மறுபடியும் “ஸீ” என்றேன். மூன்றாவதாக அவர் கேட்டது, உனக்குப் பெயர் என்ன என்று; அது பின்னால்தான் தெரிந்தது. அதற்கும் “ஸீ” என்றேன்.

இயந்திரச் சத்தத்தையும் மீறி ஒன்பது பெண்கள் சிரித்தார்கள். நோர்மா என் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, உடைந்த நோர்ஸ்க்கில் சொன்னார்:

“நீ ஸ்பானிஷ் இல்லை. நீ பொய்!”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜக்கெற்றைக் கழற்றிய இடத்தைத் தேடினேன். நோர்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“மோர்ட்டன் ஸ்பானிஷ் தெரியாது. நல்லம். நீ நில்.”

என்னை ருல்லேக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். ருல்லே என்பது விரிப்புகளைத் தேய்த்து உலர்த்த, சுடச்சுடச் சுழலும் பெரிய உருளை. ஈர விரிப்பின் இரண்டு மூலைகளை ஒருத்தி, மற்ற இரண்டை இன்னொருத்தி பிடித்து, ஒரே நேரத்தில் உதறி, சுருக்கமில்லாமல் அதற்குள் கொடுக்க வேண்டும். ஒருத்தி அரை நொடி பிந்தினாலும் விரிப்பு கோணலாகப் போய் மடிந்து வரும். அதற்குப் பாஷை தேவையில்லை. எதிரே நிற்பவளின் தோளைப் பார்த்தால் போதும். மதியத்துக்குள் எனக்கும் நோர்மாவுக்கும் கை ஒத்துவிட்டது.

பின்னேரம் மோர்ட்டன் படியிறங்கி வந்தார். நோர்மா என்னைப் பார்த்து ஸ்பானிஷில் படபடவென்று கொட்டத் தொடங்கினார். எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. அவர் கண்ணைக் காட்டியபோதுதான் விளங்கியது. நானும் வாயைத் திறந்து தமிழில் கொட்டினேன்.

“பிள்ளை காலமை பால் குடிக்கேல்லை அம்மா. மூக்கும் ஓடுது. இவர் தொப்பி போட்டுவிட்டவரோ தெரியேல்லை, போன் எடுத்தாலும் எடுக்கிறாரில்லை!”

“ஸீ, ஸீ” என்று நோர்மா கவலையோடு தலையாட்டினார். யோலாண்டா என்ற ஒருத்தி நான் பெரிய பகிடி விட்டதுபோல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“கெட்டிக்காரி. கொஞ்சம் எண்டல்லோ சொன்னனீர்?” என்றார் மோர்ட்டன்.

3. மொழிபெயர்ப்பு

பொய் சொன்னால் அதைக் கட்டிக் காப்பது தனி வேலை. வியாழக்கிழமை மோர்ட்டன் என்னைக் கூப்பிட்டார்.

“நான் சொல்லுறது நோர்மாவுக்கு விளங்கிறேல்லை. நீர் சொல்லும். இனிமேல் சாப்பாட்டு நேரம் பதினொரு மணிக்கில்லை, பதினொண்டரைக்கு. பதினொண்டுக்கு வான் வரும்.”

எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள். உதவி செய்ய அல்ல, வேடிக்கை பார்க்கத்தான். நோர்மாவைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் குரலில் தமிழிலேயே விளக்கினேன். பதினொன்று என்று விரல்களால் காட்டி, வானுக்கு ஸ்டியரிங் பிடித்துக் காட்டி, கடைசியில் வாயில் கை வைத்துச் சாப்பிட்டும் காட்டினேன். நோர்மா கேட்டுவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரு நிமிடத்துக்கு மேல் ஸ்பானிஷில் கோபமாகப் பேசினார்.

“என்ன சொல்லுறா?” என்றார் மோர்ட்டன்.

இதை நான் எதிர்பார்த்திருக்கவே இல்லை. நோர்மா சொன்னதில் ஒரு சொல்லும் எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு நாளாக அவர் ஒரு தள்ளுவண்டியை உதைப்பதைப் பார்த்திருந்தேன். அதன் சில்லு சுற்றாது. ஈரத்துணி ஏற்றினால் இரண்டு பேர் இழுக்க வேண்டும்.

“பதினொண்டரை சரியாம்” என்றேன். “ஆனால் முதலிலை தள்ளுவண்டியைத் திருத்தித் தரட்டாம். நாரி, இடுப்பு எல்லாம் நோகுதாம்.”

நோர்மாவின் புருவம் ஒருமுறை மேலே போய் இறங்கியது.

மோர்ட்டன் யோசித்தார். “அது நியாயம்தான்” என்றுவிட்டுப் போனார். மறுநாள் காலை இரண்டு புதுத் தள்ளுவண்டிகள் வந்து நின்றன. யோலாண்டா அதில் ஒன்றில் ஏறி உட்கார்ந்து, தன்னைக் கூடம் முழுவதும் சுற்றித் தள்ளச் சொன்னாள்.

4. வெள்ளிக்கிழமை மூன்று மணி

மோர்ட்டன் கையில் கடதாசியோடு வந்தார்.

“நீர் நல்லாச் செய்யிறீர். திங்களிலயிருந்து நிரந்தரமா வாறீரோ?”

இந்த ஒரு கேள்விக்காக ஏழு மாதம் காத்திருந்தேன். பதில் போட வேண்டிய கடிதம் கைப்பையில் இருந்தது. மனதுக்குள் ஓம், ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வாய் என்ன சொன்னது தெரியுமா?

“உங்களுக்குக் கரைச்சல் இல்லாட்டி... வேறை ஆருக்கும் என்னைவிடத் தேவை எண்டால் அவைக்குக் குடுங்கோ. எனக்குப் பரவாயில்லை.”

இந்த ஒரு வசனம் மட்டும் நோர்ஸ்க்கில் ஒரு பிழையும் இல்லாமல் வந்தது.

எங்கள் வீடுகளில் தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டால் முதலில் வேண்டாம் என்போம். கேட்டவர் “சும்மா குடியுங்கோ” என்று வற்புறுத்துவார். அதற்குப் பிறகுதான் கை நீளும். கேட்ட உடனே ஓம் என்றால் காய்ந்துபோய் வந்தவர்கள் என்று நினைப்பார்கள். அப்படித்தான் வளர்த்தார்கள். ஆகவே மோர்ட்டன் அடுத்தமுறை கேட்பதற்காக நான் புன்னகையோடு நின்றேன்.

“சரி, விளங்குது” என்றார் மோர்ட்டன். “சொன்னது நல்லது. மூண்டு நாளும் உதவி செய்ததுக்கு நன்றி.”

கை கொடுத்தார். திரும்பினார். படியேறத் தொடங்கினார்.

நான் விரிப்பின் இரண்டு மூலைகளைப் பிடித்தபடியே நின்றேன். கூப்பிட வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொன்னவளே திரும்பப் போய் எப்படிக் கேட்பது? மோர்ட்டன் நாலாவது படியில் இருந்தபோது எனக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. தெளிவான, இலக்கண சுத்தமான ஒஸ்லோ நோர்ஸ்க்.

“மோர்ட்டன், நில்லும்! அவவுக்கு வேலை வேணும். மூண்டு நாளா என்ரை சாப்பாட்டை ரெண்டு தரம் வேண்டாம் எண்டுபோட்டு மூண்டாந்தரம் வாங்கித் திண்டவ. எங்கடை நாட்டிலையும் அப்பிடித்தான். வந்து இன்னொருக்கால் கேளும்.”

நோர்மாதான் பேசியது.

மோர்ட்டன் என்னை மறந்து நோர்மாவைப் பார்த்தார்.

“உனக்கு நோர்ஸ்க் தெரியுமோ?”

நோர்மா கூரையைப் பார்த்தார். பதினொரு வருடமாக அந்தக் கூடத்தில் உடைந்த நோர்ஸ்க்கை மட்டுமே வைத்துக்கொண்டு காலம் தள்ளியவர்.

மோர்ட்டன் இறங்கி வந்து இரண்டாம் முறை கேட்டார். அவர் கேள்வியை முடிக்க முதலே “ஓம்” என்று தமிழில் கத்திவிட்டு, பிறகு நோர்ஸ்க்கிலும் சொன்னேன். ருல்லேயின் மேல் கடதாசியை வைத்தால் சுடும் என்பதால் யோலாண்டாவின் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

மோர்ட்டன் போன பிறகு, ஏன் இத்தனை வருடம் மறைத்தீர்கள் என்று நோர்மாவிடம் கேட்டேன்.

“தெரியும் எண்டு காட்டினால் எல்லாத்துக்கும் உன்னைத்தான் கூப்பிடுவினம், பிள்ளை. போன் வந்தால் நீ, படிவம் வந்தால் நீ, ஆரும் அழுதால் நீ. சம்பளம் அதேதான்.” பிறகு சொன்னார், “நேற்று நான் உனக்கு என்ன சொன்னனான் தெரியுமோ? பேத்தியின்ரை பிறந்தநாளுக்கு வாங்கவேண்டிய சாமான் லிஸ்ட். நீ அதிலயிருந்து தள்ளுவண்டி எடுத்தனி.”

வீட்டுக்கு வந்து பார்னஹாகேக்கு ஆம் என்று பதில் எழுதினேன். இவர் வாசித்துவிட்டு, “நீர் நல்லா யோசிச்சனீரோ?” என்று கேட்டார். தபாற்பெட்டியில் போடும்வரை யோசித்தேன். போட்ட பிறகும் யோசித்தேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்குள் மோர்ட்டன் மூன்று தடவை “நோர்மா!” என்று கூப்பிட்டார். மூன்று தடவையும் நோர்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படியேறினார். நான் விரிப்பின் மூலையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த மூன்று வருடம், வேலை முடிந்து கூடத்து வாளிகளைக் கழுவும்போது அவருடைய பங்கையும் நான்தான் கழுவினேன். அது நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

வேலை தேடும் தங்கைச்சிமாருக்குச் சொல்ல எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தெரியாத பாஷையைத் தெரியும் என்று சொல்லுங்கள் என்று நான் சொல்லமாட்டேன், எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் இந்த ஊரில் ஒரு தரம்தான் கேட்பார்கள். முதலில் ஓம் என்று சொல்லிவிடுங்கள். யோசிக்கிறதை வீட்டுக்கு வந்து யோசிக்கலாம்.