நெஞ்சுக்கு மேலே கால்

இரண்டாவது பிரசவம் முடிந்த பத்தாம் நாள் என் இடது கால் தொடைவரை வீங்கியது. அக்கம்பக்கத்தில் யானைக்கால் என்றார்கள். செங்கல்பட்டில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்துவிட்டது என்றார். ஆறு மாதமாகியும் வீக்கம் வடியவில்லை. கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்துப் புண் வைத்தது.

"அடைச்சது இனிமே தொறக்காதும்மா. எப்பவும் கட்டு போட்டுக்கோ. பகல்ல அப்பப்போ படுத்து, காலை நெஞ்சுக்கு மேல தூக்கி வை. புண் ஆறாம உள்ள போச்சுன்னா காலையே எடுக்க வேண்டி வரும்" என்றார்.

கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஒரகடத்தில் எங்கள் வீடு ஒரே அறை. வீட்டுக்காரர் மறைமலை நகருக்கு ஷிப்டுக்குப் போய்விடுவார். பகலெல்லாம் நானும் பிள்ளைகளும் மாமனாரும்தான். அவர் எதிரில் நான் உட்கார்ந்ததுகூட இல்லை.

அவர் நல்ல மனிதர். வாசலிலேயே செருமிவிட்டுத்தான் உள்ளே வருவார். செருமல் கேட்டதும் நான் காலை இறக்கி, புடவையை இழுத்துவிட்டு எழுந்து நிற்பேன். தண்ணீர் குடிக்க, கண்ணாடி எடுக்க, பேரனைப் பார்க்க என்று நாளைக்கு இருபது தடவை வருவார். கெட்டவராக இருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்பாகிட்ட நான் இன்னான்னு சொல்றது? மருமவ காலை நீட்டிக்கினு படுத்துகினு இருப்பா, வூட்டுக்குள்ள வராதன்னா?" என்றார்.

கட்டுத்துணி தீர்ந்தால் மாமனாரே பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர் போய் வாங்கி வருவார். அதைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, குழந்தையிடம் கேட்பதுபோல், "உங்கம்மாவுக்கு காலு எப்படிக் கீது?" என்பார். "பரவால்ல மாமா" என்று நின்றுகொண்டே சொல்வேன். கட்டுக்குள் நீர் கசிந்துகொண்டிருக்கும்.

டாக்டரம்மாவிடம், காலைத் தூக்கித்தான் வைக்கிறேன் என்று பொய் சொன்னேன். அவர் மருந்தை மாற்றினார். மறுபடியும் மாற்றினார். கால் போய்விடுமோ என்ற பயம்கூட ஒரு கட்டத்தில் எனக்கு மரத்துப்போனது.

மூன்றாம் வருஷம் மாமனார் மாரடைப்பில் போய்விட்டார். எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. உறவுக்காரர்கள் கிளம்பிய மறுநாள், பட்டப்பகலில் கட்டிலில் படுத்து, மூன்று தலையணை அடுக்கி அதன்மேல் காலை வைத்தேன். சாயங்காலம்வரை அப்படியே கிடந்தேன்.

நாலு மாதத்தில் புண் மூடிவிட்டது. "இந்த மருந்துதான் உனக்கு ஒத்துக்கிச்சு" என்றார் டாக்டரம்மா. ஆமாம் என்றேன்.

"அப்பா இருந்து பாத்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு" என்றார் வீட்டுக்காரர். அதற்கும் ஆமாம் என்றேன்.