நிலம் என்று எழுதியவள்

வங்கிக் கடனுக்காகச் சொத்தை மதிப்பிடப் போன வீட்டில் கொடுத்ததைச் சாப்பிடாமல் ரேச்சல் குருவிளா திரும்பியதாக யாரும் சொன்னதில்லை. கப்பைக்கிழங்கும் மீன்கறியும் வைத்தால் இரண்டாவது தடவையும் கேட்டு வாங்குவாள். கோட்டயத்தில் அந்தத் தொழில் செய்த மற்றவர்கள், கடன் கேட்டவன் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள். பிறகு அவன் விரும்பிய தொகையையே எழுதிக் கொடுப்பார்கள். ரேச்சல் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தனக்குப் பட்டதை எழுதினாள். ஊருக்கு அவள்மீது இருந்த கோபத்தில் பாதி இந்தச் சாப்பாட்டினால் வந்தது.

இதை நேர்மை என்று அழைப்பதற்கு முன் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். அவளிடம் நேர்மை எங்கே முடிந்து வீம்பு எங்கே தொடங்கியது என்பதை அவளைக் கட்டிக்கொண்ட குருவிளாவாலேயே சொல்ல முடிந்ததில்லை. தன் பக்கம்தான் தவறு என்று தெரிந்த விஷயத்திலும் அவள் சண்டையை நடுவில் விட்டதில்லை. கட்டிட எஞ்சினீயர், வங்கியின் மதிப்பீட்டாளர் பட்டியலில் சேர்ந்து தலை நரைத்தவள். ஆண் அதிகாரிகளை அழைப்பதுபோலவே அவளையும் எல்லோரும் 'சாறே' என்றுதான் அழைத்தார்கள்.

அவறாச்சன் என்பவர் குமரகம் சாலையோரம் ஒரு சொகுசு விடுதி கட்ட நினைத்தார். அதற்காக வாங்கிய மண்ணை அடமானம் வைத்துக் கடன் கேட்டார். வங்கி ரேச்சலை அனுப்பியது. அவறாச்சன் சுற்றுமதிலைக் காட்டினார், தென்னைகளைக் காட்டினார், மூலையில் காவல்காரனுக்குக் கட்டிய அறையையும் காட்டினார்.

"பாத்தீங்கல்ல சாறே? மதில் நிக்குது, தென்னை நிக்குது. புரையிடம்னு சொல்ல வேற என்ன வேணும்?"

"தென்னை நிக்கல அவறாச்சா, சாயுது. அதுவும் எல்லாம் ஒரே பக்கமா."

கையோடு கொண்டுபோயிருந்த இரும்புக் கம்பியை மண்ணில் இறக்கினாள். மார்பளவு ஆழம்வரை சிவப்பு மண் ஒட்டி வந்தது. அதற்குக் கீழே கறுப்புச் சேறு. அதைப் பார்த்தும் அவறாச்சனின் முகம் மாறவில்லை. லாரி லாரியாக அவர் மண் அடித்ததை ஊரே பார்த்திருந்தது.

"வயலா இருந்ததுதான். யாரு இல்லன்னா? இப்ப வயலில்லையே. கணக்குல மாத்தித் தரச் சொல்லி மனு குடுத்தாச்சு. வீட்டுக்கு வாங்க, கரிமீன் பொரிச்சது ஆறுது."

கரிமீனைச் சாப்பிட்டுவிட்டுத்தான் ரேச்சல் கிளம்பினாள்.

தமிழில் எந்த மண்ணும் நிலம்தான். மலையாள நாட்டு வருவாய்க் கணக்கில் அப்படியில்லை. அங்கே நிலம் என்றால் நெல்வயல், அதைத் தவிர வேறு எதுவும் இல்லை. வீடு கட்டக்கூடிய மேட்டு மண்ணுக்குப் பெயர் புரையிடம். நிலத்தில் அரசாங்கம் அனுமதிக்காமல் ஒரு செங்கல் வைக்க முடியாது. கடன் மூழ்கி வங்கி அதை ஏலத்துக்கு விட்டால் கேட்க ஆள் வராது. அதனால் இரண்டு சொற்களுக்கும் விலையில் பத்து மடங்கு வித்தியாசம். அவறாச்சனின் மண் கணக்கில் நிலம். மண் அடித்த பிறகு பார்வைக்குப் புரையிடம். இப்படிப்பட்ட இடங்களுக்காக மதிப்பீட்டாளர்கள் ஒரு வாசகம் வைத்திருந்தார்கள்: 'இடத்தில் கண்டபடி புரையிடம்'. அதை எழுதிவிட்டால் வங்கிக்கும் திருப்தி, கடன்காரனுக்கும் திருப்தி.

அந்த வாசகத்தை எழுதிய ஜோய்க்குட்டியை எல்லோருக்கும் தெரியும். அவர் மதிப்பிட்ட இடத்தின் கடன் திரும்பி வராதபோது, கூட்டுச் சதி என்று போட்ட வழக்கில் அவர் மூன்றாவது குற்றவாளி ஆனார். மேலாளர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார், கடன் வாங்கியவன் துபாய்க்குப் போனான், ஜோய்க்குட்டி மட்டும் வாய்தாவுக்குப் போய்க்கொண்டிருந்தார். "நாம எழுதுறது கடன் அடையுற வரைக்கும் வெறும் அபிப்பிராயம்தான். கடன் முங்கிட்டா அதே தாளு சத்தியப் பிரமாணம் ஆயிடும்" என்று சிரிப்பார்.

ரேச்சல் 'நிலம்' என்று எழுதினாள். வயலுக்கு உள்ள விலையைப் போட்டாள். வங்கி மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஒரே ஒரு சொல்லுதானே சாறே..."

"ஒரே சொல்லுதானே, நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்களேன்."

அதன்பிறகு அந்த வங்கியிலிருந்து அவளுக்கு வேலை வரவில்லை. பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாக யாரும் சொல்லவும் இல்லை. கடன் கிடைக்காத அவறாச்சன் வழக்குப் போட்டார். கவனமில்லாமல் மதிப்பிட்டாள், சொத்துக்குக் கெட்ட பெயர் உண்டாக்கினாள், நஷ்டஈடு வேண்டும் என்றது மனு. அவளுடைய மதிப்பீட்டாளர் பதிவை ரத்து செய்யச் சொல்லி மேலே இன்னொரு புகாரும் போனது. தோற்றால் அவள் இனி எந்த மண்ணுக்கும் விலை எழுத முடியாது. தொழிலுக்காக அவள் எடுத்திருந்த காப்பீட்டின் கம்பெனியோ, சமரசமாகப் போகும்படி அறிவுரை சொன்னது.

குருவிளா போக்குவரத்துக் கழகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சண்டை என்றால் தூர விலகுகிறவர்.

"எடீ, ஊருல எத்தன வயலு மேடாச்சு? எல்லாத்தையும் நீதான் காப்பாத்தப் போறியா?"

"வயல நான் காப்பாத்தல அச்சாயா. வயலு போயாச்சு. போனது வயலே இல்லன்னு என் கையால எழுத மாட்டேன், அவ்வளவுதான்."

"அந்தக் கரிமீனையாவது திங்காம வந்திருக்கலாம்."

"கரிமீன் என்ன பாவம் செஞ்சுது?"

நீதிமன்றம் வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்பியது. நீண்ட மேசையின் ஒரு பக்கம் ரேச்சலும் அவளுடைய வக்கீல் ஷைனியும், எதிரே அவறாச்சனும் வக்கீல் ஹரீந்திரனும், நடுவில் சமரசம் பேசுகிற மூத்த வக்கீல் அம்மாள் ஒருவர். அவறாச்சன்தான் தொடங்கினார்.

"எங்க வீட்டுக் கரிமீனத் தின்னுட்டு எனக்கே குழி தோண்டினாங்க அம்மா."

"மீனு நல்லாருந்துச்சு. அதையும் எழுதித் தரணும்னா தர்றேன்" என்றாள் ரேச்சல்.

சமரச அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஹரீந்திரன் இதற்காகவே காத்திருந்தவர்போல மெல்லப் பேசினார்.

"யாரும் பொய் சொல்ல வேண்டாம். யாரும் தோக்கவும் வேண்டாம். நான் கோயம்புத்தூர்ல சட்டம் படிச்சவன். அங்க வீட்டு மனையையும் நிலம்னுதான் சொல்றாங்க. ரேச்சல் சார் ஒரு சின்னக் கடுதாசி குடுத்தாப் போதும். நிலம்ங்கிற சொல்லப் பொதுவா பூமிங்கிற அர்த்தத்துலதான் எழுதினேன், விலையும் அந்தக் குழப்பத்துல குறைஞ்சுபோச்சுன்னு. நாங்க கேசையும் புகாரையும் வாபஸ் வாங்கிக்கறோம். வங்கிக்கும் ஆட்சேபம் இல்ல, பழையபடி வேலை வரும்."

அறையில் இறுக்கம் குறைந்தது. ஷைனி குனிந்து ரேச்சலின் காதில் சொன்னாள்: "சாறே, இதவிட நல்ல வழி கிடைக்காது. ஒத்துக்கோங்க."

அந்த யோசனையில் ஒரு அழகு இருந்ததை ரேச்சல் மறுக்கவில்லை. ஒரு சொல்லை ஒரு மொழியிலிருந்து பக்கத்து மொழிக்கு நகர்த்தினால் போதும், வயல் மேடாகிவிடும், லாரிகூட வேண்டாம். பொய் என்று யாரும் விரல் நீட்ட முடியாது. ஆனால் ஒரு சொல்லின் பொருள் அதைச் சொன்னவரோடு முடிந்துவிடுவதில்லை. அதை நம்பி நாளைக்குக் காசு போடப்போகிறவன் அதை எப்படிக் கேட்பான் என்பதும் அதில் சேர்ந்திருக்கிறது. ஏலத்தில் அந்த இடத்தை எடுத்துவிட்டு, வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது சேற்றில் நிற்கப்போகிற யாரோ ஒருவன். அவன் கோயம்புத்தூர் அகராதியைப் புரட்டப் போவதில்லை. இவ்வளவும் அவள் நினைத்தாளா, அல்லது ஹரீந்திரனின் புன்னகை பிடிக்கவில்லையா என்று கேட்டால், இரண்டும்தான்.

"அப்ப அவறாச்சன் விடுதியக் கோயம்புத்தூர்லயே கட்டட்டும் வக்கீலே" என்றாள். "நான் விலை போட்டது குமரகத்துச் சேத்துக்கு."

"சாறே, விளையாடாதீங்க" என்றார் ஹரீந்திரன்.

"யாரு விளையாடுறா? ஒரு தாளு குடுங்க, இப்பவே எழுதித் தர்றேன். நிலம்னா நெல்லு வெதைக்கிற வயலு, தெரிஞ்சேதான் எழுதினேன், குழப்பம் ஒண்ணும் இல்லன்னு."

ஷைனி அவள் கையைப் பிடித்தாள். சமரச அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார்.

"மோளே, இங்க பேசுறதும் எழுதுறதும் கோர்ட்டுக்குப் போகாது. அது சட்டம்."

"அப்ப இங்க எழுதி என்ன பிரயோஜனம்? கூண்டுல ஏறியே சொல்றேன்."

சமரசம் ஏற்படவில்லை என்று எழுதி அந்த அம்மாள் கோப்பைத் திருப்பி அனுப்பினார். தாழ்வாரத்தில் அவறாச்சன் பின்னாலேயே வந்தார். வக்கீல் பக்கத்தில் இல்லாததால் குரலில் கொஞ்சம் களைப்பு தெரிந்தது.

"உங்களுக்கு என்மேல என்ன பகை சாறே?"

"பகையா? வேற ஆளு எழுதிக் குடுத்தா வாங்கிக்கயேன். ஊருல வேல்யூவருக்கா பஞ்சம்?"

"நாலு பேருகிட்டப் போனேன். உங்க தாளு கோர்ட்டுல கிடக்குதுன்னு தெரிஞ்சதும் எவனும் தொட மாட்டேங்கறான். ஜோய்க்குட்டிக்கு ஆன கதி எங்களுக்கும் வேணுமாங்கறான்."

ரேச்சல் சிரித்துவிட்டாள். அது அவ்வளவு நல்ல சிரிப்பில்லை. இன்னொருவன் நஷ்டத்தைக் கேட்டு வந்த சிரிப்பு. ஆனால் வேலை நின்றுபோன மாதங்களில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"தோத்தா உங்க வேலையே போயிடும், தெரியுமில்ல?" என்றார் அவறாச்சன்.

"தெரியும். தோத்தாலும் அந்தத் தாளு அங்கேயேதான் கிடக்கும். அத நீ என்ன செய்வே?"

அவர் மாடிப்படியைப் பார்த்து நடந்தார். ஷைனி கோப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"சாறே, ஒரு ஆறு மாசம் வாய்தா வாங்கி இழுத்துப் பாக்கலாம். அதுக்குள்ள அவருக்கே சலிச்சுப்போகும்."

"ஒரு நாள்கூட வாங்காத" என்றாள் ரேச்சல். "நம்ம பக்கத்து முதல் சாட்சியா என்னப் போடு. அந்தக் கோயம்புத்தூர்க்காரரு குறுக்கு விசாரணை பண்ணட்டும், கேப்போம்."