பாய் கேட்காத மாப்பு

1. எதிர்வீட்டுத் துணிக்கடை பாய் மனைவியை அடித்தார்.
2. அந்த அக்கா காட்டுப்பாக்கத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டார்.
3. பாய் பள்ளிவாசலில் அழுது பாவமன்னிப்புக் கேட்டார்.
4. ஹஜ்ஜுக்குப் புறப்படுமுன், வழக்கப்படி வீடுவீடாக மாப்பு, அதாவது மன்னிப்பு, கேட்டு வந்தார்.

அம்பத்தூர் வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த நான் கதவைத் திறந்தேன். மருதாணிச் சிவப்பேறிய தாடியை நீவிக்கொண்டே பேசினார்.

“தெரியாம எதனா தப்பு பண்ணிருந்தா மாப்பு குடும்மா.”

“எங்களுக்கு நீங்க ஒண்ணும் பண்ணலியே பாய். அடிபட்டவங்க காட்டுப்பாக்கத்துல இருக்காங்க.”

தாடியிலிருந்த கை நின்றது.

“அல்லாகிட்ட அழுதுட்டேன். பொண்டாட்டிகிட்ட இன்னா மாப்பு?”

“அவங்க மன்னிக்காம அல்லா மன்னிக்க மாட்டான்னு பள்ளிவாசல்ல தொழுகை நடத்துற ஹஜ்ரத் சொன்னப்போ, முன்வரிசைலதானே உக்காந்திருந்தீங்க?”

முறைத்துவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனார். தெருவில் ஒரு வாசலையும் விடாதவருக்கு அந்த ஒரு வாசல் மட்டும் ஏன் தூரமானது என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

இப்போது அவரை எல்லோரும் ஹாஜியார் என்கிறார்கள். அக்கா காட்டுப்பாக்கத்தில்தான் இருக்கிறார், மன்னிக்கவில்லை.