ஏலாமக் கிடக்கு

ஊரடங்கு சமயத்தில் பாகலூரில் எங்கள் பின்வீட்டில் தர்ஷினி என்ற இலங்கைப் பெண் குடியிருந்தாள். அகதி முகாமில் பதிவில்லை, ஆதாரும் இல்லை. மாட்டிக்கொள்ளக் கூடாதென்று வெளியே எங்களைப் போலவே பேசப் பழகியிருந்தாள். பெயிண்ட் வேலைக்குப் போன அவள் புருஷன் கர்நாடகா பக்கம் சிக்கிக்கொண்டான்.

அவளுக்கு நிறைமாதம். ஒரு மத்தியானம் வலி கண்டதும், ஆட்டோ ஓட்டும் என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்தார்.

"நீ வாயத் தொறக்காத. என் தங்கச்சின்னு நான் சொல்லிக்கறேன்" என்றேன்.

ஓசூர் ரோட்டில் போலீஸ் நிறுத்தினார்கள். ஒருவர் அவளிடமே கேட்டார்: "என்னம்மா பண்ணுது?"

'முடியல' என்று சொல்லிப் பழகியிருந்த வாயில், வலி தாங்காமல் சொந்தப் பேச்சு வந்துவிட்டது. "ஏலாமக் கிடக்கு ஐயா."

அவர் உற்றுப் பார்த்தார். "எந்த ஊரும்மா நீ?"

"என் தங்கச்சி சார்" என்றேன். என்ன நினைத்தாரோ, போகச் சொல்லிவிட்டார். ஆனால் தர்ஷினி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் அக்கா, திருப்பச் சொல்லுங்கோ. ஆஸ்பத்திரியில கார்டு கேப்பினம். என்னைப் பிடிச்சுக் கொண்டுபோனா அவர் எங்க வந்து தேடுவார்?"

கெஞ்சினேன், அதட்டினேன். ஓடுகிற ஆட்டோவிலிருந்து குதிக்கப் பார்த்தாள். திரும்பிவிட்டோம்.

எங்கள் வீட்டில்தான் பெற்றாள். தன் பேச்சு தெருவுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று கடைசிவரை முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். குழந்தையும் அழவில்லை. முருகா முருகா என்று அதன் முதுகைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். அழவே இல்லை.

என் மூன்று பிரசவத்திலும் ஆஸ்பத்திரியே அதிரக் கத்தியிருக்கிறேன். அதுவும் முருகன் எனக்குக் கொடுத்ததுதான் என்று அன்றுவரை நினைத்ததில்லை.