மகள் பேரில் போட்ட பணம்

ஒஹாயோவுக்கு வந்து பதினைந்து வருடம் ஆகிறது. இன்னமும் கடையில் எழுதியிருக்கும் விலையை நம்பாமலிருக்க எனக்குப் பழகவில்லை. அலமாரியில் சோப்புக்கு ஒரு விலை ஒட்டியிருப்பார்கள், கல்லாவுக்குப் போனால் வரி சேர்த்து வேறொரு விலை சொல்வார்கள். சரியாகச் சில்லறை எடுத்துக் கையில் வைத்திருந்த நான் அசடு வழிந்துகொண்டு மறுபடி பர்ஸைத் திறப்பேன். எழுதியிருப்பதைவிடக் கூடத்தான் கேட்பார்கள் என்று மனதைத் தேற்றி வைத்திருந்தேன். அப்படித் தேறிய மனதோடுதான் போன மார்ச்சில் என் மகள் இனியாவுக்கு வந்த பல்கலைக்கழகக் கடிதத்தைப் பிரித்தேன்.

முதல் தாளில் வாழ்த்து. இரண்டாவது தாளில் ஒரு வருடச் செலவு. படிப்புக் கட்டணம், விடுதி, சாப்பாடு, புத்தகம், போக்குவரத்து, கடைசியில் கூட்டுத்தொகை. பார்த்ததும் சமையலறை நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் மெஷின் பழுதுபார்ப்பவர். நான் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். எங்கள் இருவர் சம்பளத்திலும் கிட்டத்தட்டப் பாதியை ஒரு பிள்ளைக்கு ஒரு வருடத்துக்குக் கேட்கிறார்கள், அப்படி நான்கு வருடம். அதுவும் மாநிலத்துக்குள்ளேயே குடியிருப்பவர்களுக்கான சலுகை விலையாம் இது. வெளி மாநிலத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். எனக்கு ஆறவேயில்லை. இது தனியார் கல்லூரி இல்லை, அரசுப் பல்கலைக்கழகம். நம் ஊரில் அரசு என்று பெயருக்கு முன்னால் இருந்தால் ஃபீஸைப் பற்றி யாராவது பேசுவோமா? நான் படித்த அரசுக் கல்லூரியில் ஃபீஸைவிட பஸ் செலவுதான் கூடுதல்.

அன்று சாயங்காலம் குப்பைத் தொட்டியை வாசலுக்கு இழுத்துப் போனபோது பக்கத்து வீட்டு லிண்டா என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டாள். அவள் மகனும் அதே பல்கலைக்கழகத்துக்குத்தான் போகிறான். தொகையைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, "அந்த விலையை யாரும் கட்டுவதில்லை" என்றாள். "அப்படியானால் பேரம் பேச வேண்டுமா?" என்று கேட்டேன். வடலூர்ச் சந்தையில் புடலங்காய்க்குப் பேசுவதுபோல ஒரு அதிகாரியிடம் போய் பேச வேண்டுமோ என்று எனக்கு உண்மையிலேயே பயம். அவள் அதற்கு இன்னும் சிரித்தாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். ஒரு விண்ணப்பம் இருக்கிறது. குடும்பத்தின் வருமானம், சேமிப்பு எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். உன்னால் எவ்வளவு முடியும் என்று அவர்களே கணக்குப் போட்டு, மிச்சத்துக்கு உதவி தருவார்கள். அந்த உதவியில் கிராண்ட் என்பது திருப்பித் தர வேண்டாத பணம். லோன் என்பது திருப்பித் தர வேண்டியது. கடனையும் உதவி என்ற தலைப்பின் கீழேயே போட்டுக் கூட்டியிருப்பார்கள், அதைப் பார்த்து ஏமாந்துவிடாதே என்றாள். கடனுக்கு உதவி என்று பெயர் வைத்தவரின் துணிச்சலை நினைத்துக்கொண்டே நான் வீட்டுக்குள் போனேன்.

விண்ணப்பம் என்றதுமே எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. கோபமும் வந்தது என்று சொல்லிவிடுவதுதான் நேர்மை.

நாங்கள் மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருந்தோம். அப்பா நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் காண்ட்ராக்ட் தொழிலாளி. நெய்வேலியில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அங்கே மனிதர்கள் இரண்டு வகை. பெர்மனென்ட் என்றால் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், வாசலில் வேப்ப மரம், சம்பளத்தேதி தவறாத வாழ்க்கை. காண்ட்ராக்ட் என்றால் சாலையின் இந்தப் பக்கம், மந்தாரக்குப்பம். ஒரே ஷிப்டுக்குப் போய் ஒரே தூசியோடு திரும்பி வருவார்கள். ஆனாலும் கல்யாண வீட்டில் உட்காரும் வரிசை வேறு. அடுத்த வருடம் பெர்மனென்ட் ஆகிவிடும் என்று என் சிறு வயது முழுக்க அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

பிளஸ் டூ முடித்ததும் எனக்கு ஒரு அரசுப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஃபீஸ் கொஞ்சம்தான். ஆனால் தூரத்து ஊர். விடுதிக்கும் மெஸ்ஸுக்கும் கட்ட எங்களிடம் வழியில்லை. உதவித்தொகை கிடைத்தால் போகலாம், அதற்கு வருமானச் சான்று வேண்டும். அப்பா வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு விஏஓ ஆபீஸுக்கு வந்தார். வரிசையில் எங்களுக்குப் பின்னால் தெரிந்தவர்கள் நாலைந்து பேர். அதில் ஒருவர் என் அத்தையைப் பெண் கேட்டிருந்த வீட்டுக்காரர். விஏஓ தலை நிமிராமலே கேட்டார்.

"இன்னா வேலை?"

"மைன்ஸ்லங்க."

"பெர்மனென்ட்டா, காண்ட்ராக்ட்டா?"

அப்பா ஒரு நொடி பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு, "பெர்மனென்ட்தாங்க" என்றார்.

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் கையைத் தட்டிவிட்டார். பெர்மனென்ட்காரரின் சம்பளத்துக்கு எழுதப்பட்ட சான்றை இணைத்தால் யார் உதவித்தொகை தருவார்கள்? தரவில்லை. மறுபடி போய் மாற்றி எழுதி வாங்கு என்று அம்மா அழுதாள். சொன்னதை மாற்றிச் சொன்னால் ஊர் சிரிக்கும் என்று அவர் அசையவில்லை. பொறியியல் இடம் போயிற்று. பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. சேர்ந்தேன். சாயங்காலங்களில் சைக்கிள் மிதித்து டவுன்ஷிப்புக்குப் போய் உண்மையான பெர்மனென்ட்காரர்களின் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன். அப்பாவோடு ஒரு வருடம் சரியாகப் பேசவில்லை. அவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பெர்மனென்ட் ஆகவும் இல்லை.

அதனால் இனியாவின் விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தபோது நான் ஒரு வைராக்கியத்தோடு இருந்தேன். ஒரு சென்ட்டைக்கூட மறைக்கமாட்டேன், ஒரு சென்ட்டைக்கூட ஏற்றியும் சொல்லமாட்டேன். குடியுரிமை என்ற இடத்தில் பெர்மனென்ட் ரெசிடென்ட் என்று எழுதினேன். எங்கள் வீட்டில் அந்த வார்த்தையைப் பொய் இல்லாமல் எழுதியது நான்தான் என்று கொஞ்சம் கர்வம்கூட வந்தது. மாணவியின் பெயரில் உள்ள சேமிப்பு என்ற இடம் வந்தது. அதிலும் முழுத் தொகையையும் எழுதினேன். இனியா பிறந்ததிலிருந்து பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நாங்கள் போட்டு வந்தது கொஞ்சம். பெரும்பகுதி அப்பா கொடுத்தது. காண்ட்ராக்ட் கூலியில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வளையமாதேவிப் பக்கம் அவர் அரைக்காணி நிலம் வாங்கியிருந்தார். அந்த நிலம் சுரங்கத்துக்குப் போனபோது வந்த பணத்தில் பாதியைத் தம்பிக்குக் கொடுத்தார். என் பங்கைத் தருகிறேன் என்றபோது நான் வேண்டாம் என்றேன். "உனுக்கு ஒண்ணும் குடுக்கல, பேத்தி பேர்ல போட்டு வெய்யி" என்றார். போட்டு வைத்தேன். வீட்டில் ஹீட்டர் கெட்டுப்போன குளிர்காலத்திலும் அதைத் தொடவில்லை.

ஏப்ரலில் உதவிக் கடிதம் வந்தது. லிண்டா சொல்லிக்கொடுத்தபடி முதலில் கடனைக் கழித்துவிட்டுப் பார்த்தேன். மிஞ்சியிருந்த கிராண்ட் இவ்வளவுதானா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். லிண்டா வீட்டிலும் எங்கள் அளவு வருமானம்தான், ஆனால் அவள் மகனுக்கு இதைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இந்தத் தொகையில் இனியா போக முடியாது, அல்லது பதினெட்டு வயதிலேயே பெரிய கடனை வாங்கிக்கொண்டு போக வேண்டும். இனியா விடுதி அறைக்கென்று வாங்கி வைத்திருந்த மேஜை விளக்கை எடுத்துப் பெட்டிக்குள் திருப்பி வைத்ததைப் பார்த்தேன். மறுநாளே பல்கலைக்கழக உதவி அலுவலகத்தில் நேரம் வாங்கினேன்.

அங்கே என்னையும் இனியாவையும் உட்காரவைத்தவர் மார்கஸ் என்ற இளைஞர், மிகவும் மரியாதையானவர். திரையைப் பார்த்துவிட்டு, தவறு ஒன்றும் இல்லை என்றார். பெற்றோரின் பெயரில் இருக்கும் சேமிப்பில் சிறு பங்கைத்தான் கணக்கில் எடுப்பார்களாம். மாணவியின் பெயரில் இருந்தால் அதைப்போல மூன்று நான்கு மடங்கைப் படிப்புக்கென்று எடுத்துக்கொள்வார்களாம். அதனால்தான் உதவி குறைந்திருக்கிறது. மகள் பேரில் பணம் போடுவது குற்றமா? எங்கள் ஊரில் வசதி இருந்தால் எல்லோரும் செய்வதுதானே!

"அது அவள் பெயரில் இருக்கிறதே தவிர, அவள் செலவு செய்கிற பணம் இல்லை" என்றேன்.

"அப்படியென்றால் யாருடைய பணம்?"

"அவளுடையதுதான்."

"அவளுடையது என்றால் அவள் படிப்புக்குப் பயன்படுத்தலாமே?"

"கூடாது. அதைத் தொடக் கூடாது."

அவர் குழம்பிப்போய் விரல்களைத் தட்டச்சுப் பலகையிலிருந்து எடுத்தார். "மன்னிக்கவும், பிறகு அது எதற்காக இருக்கிறது?"

நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. "அவளுடைய கல்யாணத்துக்கு."

பக்கத்து நாற்காலியில் இருந்த இனியா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அதிர்ந்துபோனேன். அவளிடமோ, என் கணவரிடமோ, எனக்குள்ளேகூட அதுவரை நான் அதைச் சொன்னதில்லை. ஆனால் பதினெட்டு வருடமாக என் மனதில் அந்தப் பணம் நகையாகவும் மண்டபமாகவும் பந்தியாகவும்தான் இருந்திருக்கிறது. நாலு பேருக்கு முன்னால் குறைவாகத் தெரியக் கூடாது என்றுதான் இருந்திருக்கிறது. விஏஓ ஆபீஸில் திரும்பிப் பார்த்த அப்பாவின் முகம் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. மார்கஸ் மெதுவாக, "அதற்கு எங்கள் படிவத்தில் இடம் இல்லை" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

காரில் ஏறியதும் இனியா தன் அரைகுறைத் தமிழில் கேட்டாள். "அம்மா, நான் கடன் வாங்கிப் படிக்கணும், கல்யாணத்துக்கு மட்டும் காசு இருக்கணும். அதுவா உங்க பிளான்?"

"தாத்தா குடுத்த பணம்டி அது."

"தாத்தா கல்யாணத்துக்குன்னு சொன்னாரா?"

சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை.

சனிக்கிழமை காலையில் வீடியோவில் கூப்பிட்டோம். அங்கே சாயங்காலம். அப்பா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் தெருவில் ஷிப்டு முடிந்து போகிறவர்களின் பைக்குகள். நான் சுற்றி வளைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கேட்டேன். "ஏம்பா, நீ இன்னாத்துக்கு அந்தப் பணத்த இவ பேர்ல போடச் சொன்ன? கல்யாணத்துக்குத்தான?"

"கல்யாணத்துக்கா? யாரு சொன்னா?"

"பின்ன?"

"அன்னிக்கு விஏஓ கைல ஒரு வார்த்த சொன்னன் இல்ல. நாலு பேரு நின்னுகினு இருந்தானுங்க, வாயில காண்ட்ராக்ட்டுன்னு வரல. உன் படிப்பு பூட்ச்சி. அதுக்குதாம்மா. உன் கைல குடுத்தா நீ வாங்க மாட்ட. அதான் புள்ள பேர்ல போடச் சொன்னன். படிக்கட்டும்னு."

இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக அவர் அதை மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அரைக்காணி நிலத்து விலையில் பாதியைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டிருக்கிறார், நான் அதைப் பட்டுப்புடவைக்கு என்று பூட்டி வைத்திருக்கிறேன். அழுதேன். இனியா போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் தாத்தா. நான் ஃபீஸ் கட்டிடறேன்" என்றாள்.

ஆகஸ்டில் முதல் தவணையை அவளே கட்டினாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பணம் செலுத்துபவர் பெயர் என்ற இடத்தில் தாத்தாவின் பெயரை எழுதினாள். முகவரியில் அவர் வீட்டுக் கதவிலக்கம், தெரு, ஊர் மந்தாரக்குப்பம். மாநிலம் என்ற இடத்தில் மட்டும் எழுத முடியவில்லை. கீழே விரியும் பட்டியலில் அமெரிக்க மாநிலங்கள்தான் இருந்தன, ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் அடுத்த பக்கம் போகவும் விடவில்லை. இனியா என்னைப் பார்த்தாள், தோளைக் குலுக்கிக்கொண்டு ஒஹாயோவை அழுத்தினாள். ரசீது வந்தது.

அதைப் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பினேன். தம்பி படித்துக் காட்டியிருக்க வேண்டும். உடனே கூப்பிட்டார்.

"எம் பேரு இருக்குதாமே. இன்னா வேலைன்னு எழுதுன?"

"வேலை எதுவும் கேக்கலப்பா."

"கேட்டா காண்ட்ராக்ட்டுன்னே எழுதும்மா" என்றார்.

அந்த நிலம் இருந்த இடத்தில் இப்போது பெரும் பள்ளம் என்று தம்பி சொல்கிறான். எங்கள் வரப்பு எங்கே இருந்தது என்று அவனுக்கே அடையாளம் தெரியவில்லையாம். எங்கள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் அந்த ரசீதை ஒட்டி வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட்டே எடுக்காத என் அப்பாவின் பெயர், அதற்குக் கீழே அவருடைய ஊர்: மந்தாரக்குப்பம், ஒஹாயோ.