மீட்புக் குழு ஆபீசில் ஒரு பூட்டு

பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்தேன். வெள்ளம், நிலச்சரிவு, இடிஞ்ச கட்டடம்னு எங்கே சிக்கினாலும் ஆளுங்களைத் தேடி வெளியே எடுக்கிறதுதான் வேலை. இப்போ ரிட்டயர்டு.

இன்னிக்கு ஒரு ஐ.டி. கம்பெனியில், புதுசா ஆரம்பிக்கிற மீட்புக் குழுவுக்கு இன்டர்வியூ. விவேக் நகர்லேர்ந்து ரெண்டு பஸ் மாறிப் போனேன்.

ஆறாவது மாடி. உட்காருறதுக்கு முன்னாடி, பழக்கதோஷம், அவசர வழி எங்கேன்னு பார்த்தேன். அந்தக் கதவுல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு.

"சாவி யார்கிட்ட தம்பி?"ன்னு எச்.ஆர். பையன்கிட்ட கேட்டேன்.

"கீழே செக்யூரிட்டி சூப்பர்வைசர்கிட்ட சார். திறந்து வெச்சா எல்லாரும் தம்மடிக்கப் போயிடறாங்க."

ஆளுங்களை உள்ளே வெச்சுப் பூட்டிட்டு, மீட்க ஆள் தேடுறாங்க!

என் ஃபைலைப் புரட்டிட்டு அந்தப் பையனே சொன்னான்: "மீட்பு வேலைக்கு சர்டிஃபிகேட் இல்லையே சார். அந்த சூப்பர்வைசர் வேலை காலியாகுது, வர்றீங்களா? மிலிட்டரிக்காரங்க சல்யூட்னா எங்க எம்.டி.க்கு உயிர்."

மூஞ்சியில அடிச்ச மாதிரி 'வேணாம்'னு சொல்லிட்டு வந்துட்டேன். பஸ்ல உட்கார்ந்த பிறகுதான் உறைச்சது: சேர்ந்தா அந்தச் சாவி என் கையில இருக்கும்.

என்ன சொல்றீங்க, சேரட்டுமா? முதல் நாளே பூட்டைக் கழட்டி எம்.டி. மேஜையில வெச்சுட்டு, ஜோரா ஒரு சல்யூட் அடிக்கிறேன்.