பல்செட்டுக்காரர் கோல்ஃப் கிளப்பில் சேர்ந்த செலவு

பல் டாக்டர்கள் மத்தியில் அவரைப் பல்செட்டுக்காரர் என்றால்தான் தெரியும். டாக்டர்கள் நோயாளி வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதை வைத்துப் பல்லை மூடும் கேப், விழுந்த பல்லுக்குப் பிரிட்ஜ், முழு செட் என்று செய்து கொடுப்பது இவர் வேலை. மருந்துக்கடைக்கு மேலே மூன்று அறை, அதுதான் லேப். ஒன்றில் பிளாஸ்டர் தூசி, ஒன்றில் மெழுகு வாசனை, மூன்றாவதில் பீங்கான் சுடுகிற பழைய உலை. இருபத்தைந்து வருஷமாக ஊரில் பாதிப் பேர் இவர் செய்த பல்லால்தான் மென்றார்கள். மென்றவர்களில் ஒருவருக்கும் இவர் முகம் தெரியாது. நன்றியெல்லாம் டாக்டரோடு நின்றுவிடும். குறை மட்டும் மாடிப்படி ஏறி வரும்.

ஒருநாள் ஒரு டாக்டர், அவசரமாக ஒரு பிரிட்ஜைக் கோல்ஃப் கிளப்புக்கே கொண்டுவந்து தரச் சொன்னார். வாசல் காவலாளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "டெலிவரியா? பின்பக்கம் போங்க."

பின்பக்கம் சமையலறை. காய்கறிப் பெட்டிகளுக்கு நடுவே அரைமணி நேரம் நின்றார். அங்கிருந்து பார்த்தால் புல்வெளி பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் கிடந்தது. 'முன்வாசல் வழியா உள்ள வரலேன்னா நான்...' என்று சபதம் எடுக்கத் தொடங்கினார். வரவில்லையென்றால் என்ன ஆவது என்று முடிவு செய்வதற்குள் டாக்டர் வந்துவிட்டார்.

லேபுக்குக் கீழே மருந்துக்கடையை நடத்துவது பல்செட்டுக்காரர் மனைவிதான். அவரிடம் விஷயத்தைத் தொழில் வளர்ச்சி என்று சொன்னார்.

"அங்க பாதிப் பேரு பல் டாக்டருங்கதான். கூடச் சேர்ந்து நாலு நாள் ஆடினா போதும், வேலை தானா வரும்."

"உங்களுக்கு என்னங்க ஆடத் தெரியும்?"

"அதெல்லாம் அங்கயே சொல்லித் தருவாங்க."

"அதுக்கும் காசுதானே?"

பல்செட்டுக்காரர் புது உலை வாங்க ஆறு வருஷமாகச் சேர்த்த பணத்தை எடுத்தார். எந்தச் செலவையும் கேப் கணக்கில் நினைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். சேர்க்கைக் கட்டணம் இருநூற்று இருபத்துநாலு கேப். அதாவது ஏழு பேருக்கு ஈறு தவிர வாய் முழுக்கப் புதுப் பல்.

சேர்க்கும் முன்னால் கமிட்டி பேட்டி. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. "உங்க தொழில்?" என்றார்.

"பல்... பல் துறையில இருக்கேன் சார்."

"ஓ, டாக்டரா! நல்லதாப் போச்சு."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து டீ வந்தது. திறந்த வாயில் டீ போனது. சொல்ல வந்ததும் அதோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. அன்று முதல் அவர் கிளப்பில் டாக்டர்.

சேர்க்கைக் கட்டணத்தோடு முடிந்தது என்று நினைத்தவரை அலுவலகப் பெண் உட்காரவைத்து மீதியைச் சொன்னார். மாதச் சந்தா, லாக்கர் வாடகை, பை தூக்குபவர் கூலி. அதற்குமேல் மைதான மேம்பாட்டு நிதி. பார்த்தால் மைதானம் இவரைவிட நன்றாகத்தான் இருந்தது. கிளப் உணவகத்தில் மாதம் இவ்வளவுக்குச் சாப்பிட்டே ஆகவேண்டும் என்று இன்னொரு விதி.

"சாப்பிடலேன்னா?"

"சாப்பிட்டதா வச்சுக்குவோம் சார்."

காலர் வைத்த சட்டை, அடியில் முள் வைத்த ஷூ, ஒரு கைக்கு மட்டும் கையுறை. கைதான் ஒன்று, விலை இரண்டு கைக்கும் சேர்த்து. பை நிறையப் பதினான்கு மட்டை வாங்கினார். அதில் உருப்படியாகப் பயன்பட்டது ஒன்றுதான், அதுவும் புதரை விலக்கிப் பந்து தேட.

பயிற்சியாளர், "தலையைக் குனிஞ்சே வைங்க, நிமிர்த்தாதீங்க" என்று சொன்னபோது மட்டும் அவருக்கு நம்பிக்கை வந்தது. இருபத்தைந்து வருஷமாக அவர் செய்வது அதைத்தானே? தலை குனிந்தே இருந்தது. பந்து குளத்துக்குள் போனது. குளத்தில் விழுந்த பந்தைக் குழியில் விழுந்ததாக எண்ணியிருந்தால் அவர்தான் அந்த வருஷத்துச் சாம்பியன்.

இதைவிடப் பெரிய வேடிக்கை இனிமேல்தான். எந்தப் பல் டாக்டர்களைப் பிடிக்கக் கிளப்பில் சேர்ந்தாரோ, அவர்கள் கண்ணில் படாமல் ஓடவேண்டியதாயிற்று. யாராவது ஒருவர், "என்ன பல்செட்டுக்காரரே!" என்று கூப்பிட்டால் டாக்டர் வேஷம் கலைந்துவிடாதா? டாக்டர்கள் விடுமுறை நாளில் காலையில் வருவார்கள். இவர் வேலை நாளில் உச்சிவெயிலில் வந்து, ஆளில்லாத மைதானத்தில் தன்னந்தனியாகக் குளத்துக்குப் பந்து சப்ளை செய்தார். முகம் கறுத்ததுதான் மிச்சம்.

எட்டாவது மாதம் ஒரு மதியம், விதிப்படி சாப்பிட்டாக வேண்டிய சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நீதிபதி கன்னத்தைப் பிடித்தபடி எதிரே வந்து உட்கார்ந்தார்.

"டாக்டர், நல்ல வேளை இருக்கீங்க. இதைக் கொஞ்சம் பாருங்க."

இவர் வாய் திறக்குமுன் நீதிபதி தன் வாயிலிருந்து எடுத்துத் துணியில் வைத்தார். கழற்றி மாட்டுகிற செட். நாலு பல், இரண்டு கம்பிக் கொக்கி.

பல்செட்டுக்காரர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கொக்கியை வளைத்த விதம் அவர் கைவேலை. ஒரு கொக்கியின் நுனி உருட்டி மெருகேற்றப்படாமல் ஊசிபோல் இருந்தது. எப்படி அப்படிப் போனது என்பதும் நினைவுக்கு வந்தது. அன்று மதியம் கோல்ஃப் பயிற்சிக்கு நேரமாகிவிட்டதென்று, மறுநாள் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என வைத்துவிட்டு ஓடினார். காலையில் பார்க்காமலே பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டார்.

சும்மா இருந்திருக்கலாம். 'உங்க டாக்டர்கிட்டயே காட்டுங்க சார்' என்று நழுவியிருக்கலாம். எதிரே பல்லில்லாமல் குழிந்திருந்த அந்தக் கன்னத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"சார், நான் டாக்டர் இல்லை."

"பின்ன?"

"இதைச் செஞ்சவன். தப்பு என்னோடதுதான். அவசரத்துல விட்டுட்டேன்."

நீதிபதி பல்லைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "மூணு மாசமா என் கன்னத்தைக் கிழிச்சது நீங்கதானா?"

"ஆமா சார்."

"என் முன்னால நின்னவங்கள்ல கேக்காமலே ஒத்துக்கிட்டது நீங்க ஒருத்தர்தான். வாங்க, எங்க சரிபண்ணணுமோ அங்க போவோம்."

நீதிபதியின் டாக்டருக்குப் போனில் சொல்லிவிட்டு, முள் ஷூவோடு இருவரும் லேப் மாடிப்படி ஏறினார்கள். மெருகேற்றப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நீதிபதி மாட்டிப் பார்த்தார், கடித்துப் பார்த்தார், நாக்கால் ஒரு சுற்று தடவினார். பிறகு அலமாரியில் வரிசையாக இருந்த அச்சுகளை நோட்டம் விட்டு, "இதுல நம்ம கிளப் வாய் எத்தனை?" என்றார். பல்செட்டுக்காரர் அவசரமாக ஒரு துண்டை எடுத்து அலமாரியை மூடினார்.

அந்த வாரத்துக்குள் கிளப் முழுக்கச் சேதி பரவிவிட்டது. யாரும் அவரை விரட்டவில்லை. டாக்டர்கள், "நீங்களும் இங்கதானா? பார்த்ததே இல்லையே!" என்று தோளில் தட்டினார்கள். புது வேலை ஒன்றும் வரவில்லை. பழைய டாக்டர் ஒருவர் மட்டும், "கோல்ஃப் ஆடுற அளவுக்கு வந்துட்டீங்க, கேப் விலையைக் கொஞ்சம் கொறைங்களேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து இதை மனைவியிடம் சொல்லும்போது அவருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. மனைவி சிரிக்கவில்லை. "நாளைக்கே விலகிடுங்க" என்றார்.

விலகல் கடிதத்தை வாங்கிய அலுவலகப் பெண், "வேணும்னா ஆடாத உறுப்பினராவே இருக்கலாமே சார்" என்றார். "சந்தா கால்வாசிதான். புல்லுல நடக்கலாம், சாப்பிடலாம், வீட்டம்மாவும் வரலாம். ஆடத்தான் கூடாது."

"கட்டாயம் ஆடக்கூடாதா?"

"ஆடவே கூடாது சார்."

எட்டு மாதமாக அவர் எதிர்பார்த்த சலுகை அதுதான். அங்கேயே கையெழுத்துப் போட்டார். மட்டைகளை மூன்றில் ஒரு பங்கு விலைக்கு விற்று, அந்தப் பணத்தை உலைக்கு முன்பணமாகக் கட்டினார். மீதித் தவணை இன்னும் ஓடுகிறது.

இப்போது வாரம் ஒரு சாயங்காலம் இருவரும் புல்லில் ஒரு சுற்று நடந்துவிட்டு உணவகத்தின் வெளிமேஜையில் உட்காருகிறார்கள். முதல் தடவை போனபோது, புத்தம்புது ஷூவும் ஒற்றைக் கையுறையுமாக ஒருவர் குளத்தோரம் நின்று, மூன்றாவது பந்தையும் தண்ணீருக்குள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

மனைவி கொஞ்ச நேரம் பார்த்தார். "பாவம், என்ன தொழில் பண்றாரோ" என்றார்.